ஊசிக்கு மாட்டிய குப்பி

குப்பி என்ற சொல்லை நான் நாற்பது வருடத்துக்கும் மேலாக வாய் திறந்து சொன்னதில்லை. கடையில் தைலம் வாங்கும்போது பாட்டில் என்பேன், சீசா என்பேன், அதோ அந்தச் சின்னது என்று விரலை நீட்டுவேன். என் வயசுக்காரர்களே, உங்களுக்கும் இப்படித் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிற சொல் ஒன்று இருக்கும். தெருவில் ஒரு வீட்டை மட்டும் எதிர்ச்சாரியில் நடந்து கடப்பதைப் போல. இன்று நான் அந்த வீட்டுக்குள் போகிறேன். கூட வாருங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் அம்மாவும் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி வேலைக்குப் போயிருந்தார்கள். என்னைப் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற ரோட்டில் பிரிந்து உள்ளே போகவேண்டிய ஊர். பெரியப்பாவுக்கு ஒரு ஜோடிக் காளை, முப்பது நாற்பது ஆடு, வானம் பார்த்த கரிசல் நிலம் கொஞ்சம். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்த வீட்டில் பேச்சே குறைவு. ஆடுகள்தான் தங்களுக்குள் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்.

வீட்டில் இரண்டு வகைக் குப்பிகள் இருந்தன.

ஒன்று காளைகளுக்கு. பித்தளையில் செய்தது, கூம்பாக, முனை மழுங்கி இருக்கும். வருடம் முழுக்க மரப்பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடக்கும். மாட்டுப் பொங்கலன்று கொம்பைச் சீவி எண்ணெய் தடவி, நுனியில் மாட்டுவார் பெரியப்பா. "அழகுக்குன்னு நினைக்காத. குத்தாம இருக்கவாக்கும்" என்பார்.

இன்னொன்று மச்சில், கிழக்கு மூலையில், சாக்கு சுற்றி இருந்தது. பருத்திக்கு அடிக்கிற மருந்து. அதை மருந்து என்றுகூடச் சொல்லமாட்டார்கள். குரலைத் தாழ்த்தி "அந்தக் குப்பி" என்பார்கள். தினமும் விளக்கேற்றுவதற்கு முன்னால் பெரியம்மா ஏணி வைத்து ஏறி, அந்தச் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குவாள். பல்லி விரட்டப் போகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். பெரியம்மாவின் கூடப்பிறந்த தங்கச்சி அப்படி ஒரு குப்பியால்தான் இல்லாமல் போனாள் என்பது, நான் சடங்காகி, கல்யாணமாகி, எனக்கே நரை விழுந்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது குப்பி அந்த ஆடி மாதம் சித்தியோடு வந்தது.

சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். சித்தி வடக்கே அவரோடு குவார்ட்டர்சில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவள். அவரை இன்னும் மேலே, பனி விழுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பெண்டாட்டியைக் கூட்டிப்போக முடியாது. அதனால் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, இரண்டே நாளில் ரயிலேறிவிட்டார். சித்தியிடம் ஒரு தகரப் பெட்டி. அதைத் திறந்தால் கப்பென்று அந்துருண்டை வாசம். உள்ளே சாம்பல் நிற உல்லன் நூல் உருண்டைகள், முழங்கை நீளத்துக்கு இரண்டு அலுமினிய ஊசிகள்.

நினைத்துப் பாருங்கள். மார்கழியிலும் மத்தியானம் செருப்பில்லாமல் நடக்க முடியாத ஊர். எங்கள் ஆடுகளுக்கே மயிர்தான் உண்டு, கம்பளி ரோமம் கிடையாது. அந்த ஊரில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒருத்தி ஸ்வெட்டர் பின்னினாள். குழாயடிக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

"ஏ மதினி, யாருக்குச் சட்டை? எங்க வீட்டுக் கிடாய்க்கா?"

"கிடாய்க்குப் பின்னி முடிச்சாச்சு. இது ஒங்க வீட்டுக்காரருக்கு. நாளைக்கு வரச் சொல்லுங்க, கழுத்தளவு எடுக்கணும்."

சித்தி அப்படித்தான். வாய் சிரித்துக்கொண்டிருக்கும், கை ஓடிக்கொண்டிருக்கும். வேர்த்த கையில் நூல் ஒட்டும் என்பதால் அடிக்கடி முகப்பவுடரை உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வாள். ஊசியோடு ஊசி உரசுகிற சத்தம், பல்லி தூரத்தில் சொல்லுகிற மாதிரி, விட்டு விட்டுக் கேட்கும். நடுவில் நான் எதையாவது கேட்டால், "இரு ஏட்டி, கண்ணி எண்ணுதேன்" என்பாள். அறுபத்தெட்டு, அறுபத்தொம்பது என்று உதடு மட்டும் அசையும். எண்ணி முடித்ததும் மறக்காமல் என் பக்கம் திரும்பி, "ம், இப்பம் சொல்லு" என்பாள். அந்த வீட்டில் என்னைப் பார்த்துச் சொல்லு என்று கேட்ட ஒரே ஆள் அவள்தான். பல நேரம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. அந்தச் 'சொல்லு'வைக் கேட்பதற்காகவே கூப்பிடுவேன்.

பின்னலை நிறுத்தி எழுந்திருக்கும்போது சித்தி ஒன்று செய்வாள். இரண்டு ஊசிகளையும் சேர்த்துவைத்து, முனைகளில் இரண்டு சிவப்பு ரப்பர் மூடிகளைச் செருகுவாள். சுண்டுவிரல் நுனியளவு. இரண்டையும் ஒரு துண்டு எலாஸ்டிக் நாடா இணைத்திருக்கும். அது இருந்தால் ஊசி யாரையும் குத்தாது. அதைவிட முக்கியம், ஊசியில் கோத்திருக்கிற கண்ணிகள் நுனி வழியாகக் கழன்று ஓடாது. குவார்ட்டர்சில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி கொடுத்ததாம். அவள் சொன்ன பெயர் சித்திக்கு வாயில் நுழையவில்லை.

"இதுக்கு நம்மூர்ல என்னன்னு சொல்லுவிய?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. "குப்பி. காளைக் கொம்புக்குப் போடுதோம்ல்லா, அந்த மாதிரி குப்பி."

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அது குப்பி. "ஏட்டி, குப்பிய எடு." "காளை ரெண்டையும் கெட்டு." எங்கள் பாஷை வேறு யாருக்கும் தெரியாது. தெரியவேண்டாம் என்றுதான் எனக்கும் இருந்தது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். எங்கள் வீடுகளில் தம்பி பெண்டாட்டியோடு மூத்தவர் நேருக்கு நேர் பேசமாட்டார். பெரியப்பா ஏதாவது கேட்கவேண்டுமென்றால் வாசலைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்பார். "சித்தி சாப்பிட்டாளான்னு கேளுட்டி." சித்தி மூன்றடி தள்ளி உள்ளே நிற்பாள். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுட்டி." நான் நடுவில் நின்று அதைத் திருப்பிச் சொல்வேன். இரண்டு பேருக்குமே காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் அது பெரியப்பாவின் காதில் ஏறியதாகக் கணக்கு.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் காலில் அப்பிக்கொண்டு பூட்ஸ் போட்ட மாதிரி கனத்தது. பருத்தி முளைத்தது, பாசிப்பயறு முளைத்தது. சித்தப்பாவின் கடிதம் நின்றுபோனது.

வாரம் ஒன்று என்று வந்துகொண்டிருந்தது. ஐப்பசிக் கடைசியில் நின்றது, கார்த்திகை முழுக்க வரவில்லை. தபால்காரர் சைக்கிளை மிதித்து எங்கள் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வார், தான்தான் ஒளித்துவைத்திருப்பது போல. பெரியம்மா சித்தியை அடிக்கடி பார்ப்பாள். சித்தி சிரிப்பதை விடவில்லை. ஆனால் பின்னுகிற வேகம் கூடிவிட்டது. பக்கத்து ஊரில் லீவுக்கு வந்திருந்த பட்டாளக்காரர் ஒருவர், தைப் பொங்கல் கழிந்த மறுநாள் மணியாச்சியில் ரயிலேறுகிறார். சித்தப்பா இருக்கிற பக்கம்தான் அவரும் போகிறார். அதற்குள் முடித்து அவர் கையில் கொடுத்துவிடவேண்டும். எழுதிய கடிதம் எதற்கும் பதில் இல்லாத மனுஷனுக்கு, நான் இருக்கிறேன் என்று சொல்ல சித்தியிடம் இருந்தது அது ஒன்றுதான்.

என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "இது முடியுத அன்னைக்கு பாரேன். இதைப் போட்டுக்கிட்டு அவிய நேரா வந்து என்னையக் கூட்டிக்கிட்டுப் போயிருவாவ."

விளையாட்டாகச் சொன்னது. நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஸ்வெட்டரைச் சாணால் அளப்பேன். முதுகு முடிந்தது. முன்பக்கம் முடிந்தது. ஒரு கை முடிந்தது. அது வளர வளர நான் அந்த வீட்டில் சிறுத்துக்கொண்டே போனேன்.

மார்கழி பிறந்து சில நாளில் ஒரு சாயங்காலம் சித்தி குளிக்கப் போயிருந்தபோது குப்பி இரண்டையும் கழற்றி எடுத்தேன். பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன். குப்பி இல்லாவிட்டால் பின்னமாட்டாள், பின்னாவிட்டால் முடியாது, முடியாவிட்டால் போகமாட்டாள். ஒன்பது வயதுக் கணக்கு. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

சித்தி கட்டிலுக்கு அடியில் தேடினாள், அடுப்படியில் தேடினாள், ஆட்டுப்புழுக்கையைக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். பிறகு சோளத்தட்டையை ஒடித்து, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற வெள்ளைச் சோற்றில் ஊசி முனையைச் செருகிவைத்தாள். மறுநாள் அது காய்ந்து சுருங்கிக் கழன்று விழுந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று நூலை இழுத்துக்கொண்டு ஓடியது. கை பாதிக்கு மேல் பிரிந்துபோயிற்று. சித்தி முதல்முறையாகச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, நெசமாவே குப்பிய நீ எங்கனயும் பாக்கலையா?"

"இல்ல சித்தி."

"இனிமே பொறுக்க முடியாது. குப்பி மட்டும் கைக்குக் கிடைக்கட்டும், ரெண்டே நாள்ல முடிச்சிருதேன். அப்புறம் எனக்கு ஒரு கவலையும் கிடையாது."

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா சாணியில் எருவாட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் நின்றது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று நடு மத்தியானத்தில் ஏணி வைத்து மச்சில் ஏறினாள் பெரியம்மா. காட்டிலிருந்து பெரியப்பா வந்ததும் என்னைத் தொழுவுக்குக் கூப்பிட்டார்.

"சித்தி என்னத்தட்டி தேடுதா?"

"குப்பி."

"எதுக்காம்?"

"முடிக்கதுக்கு."

அவர் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன். என் இடுப்பில் முடிச்சு உறுத்திக்கொண்டிருந்தது. கண்டுபிடித்துவிட்டார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் பயப்படுவது எதற்கென்று பார்க்க எனக்கு நேரமில்லை.

மறுநாள் காலையில் சித்தியின் ஊசிகள் இல்லை. பெரியம்மா எடுத்துக் கூரை எறவாணத்தில் செருகிவிட்டாள். கூர்மையான எதுவும் சித்தி கண்ணில் படவேண்டாம் என்று. சித்தி எங்கே போனாலும் பெரியம்மா பின்னாலேயே போனாள். கொல்லைக்குப் போனாலும் ஒரு செம்போடு நின்றாள். மூன்று நாள் சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒங்க பெரியம்மைக்கு என்மேல புதுசா என்ன இவ்வளவு பாசம்?" என்று என்னிடம் கேட்டுச் சிரித்தாள்.

நான்காம் நாள் மத்தியான பஸ்ஸில் சித்தியின் அண்ணன் கயத்தாறிலிருந்து வந்து இறங்கினார். சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெயிலில் சிவந்த முகம், கையில் மடித்த குடை. பெரியப்பா வழக்கம்போல வாசலைப் பார்த்து நின்றார்.

"குப்பி தேடுனது உண்மையான்னு சித்திகிட்ட கேளுட்டி."

நான் திரும்பினேன். "சித்தி, குப்பி தேடுனியளா?"

சித்தியின் முகம் மலர்ந்ததை என்ன செய்தாலும் என்னால் மறக்க முடியவில்லை. "ஆமா, தேடுனேன்! அத்தான் எடுத்து வச்சிருக்காவளா? அன்னைக்கே தந்திருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்குமே."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எந்தங்கச்சியும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே இருந்தா" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

"கடுதாசி வரலன்னா இப்படியா செய்வாவ?" என்றார் அண்ணன். "வீட்டுக்கு வா. அம்மை கண்ணுக்கு முன்னால இரு."

அப்போதுதான் சித்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் மச்சுக்குச் சாத்தியிருந்த ஏணியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயய்யோ, அது இல்லக்கா. நான் கேட்டது ஊசிக் குப்பி."

"ஊசி மருந்தா?" அண்ணன் குரல் உடைந்தது. "ஊசி மருந்து உனக்கு யாரு தந்தா?"

"ஊசிக்கு மாட்டுத குப்பிண்ணே. பின்னுத ஊசிக்கு. ரப்பர்ல இருக்கும்."

"ஊசிக்கு எங்கனயாவது குப்பி உண்டுமா? எங்க, காட்டு பாப்போம்."

"அதைத்தான காங்கல, தேடிக்கிட்டிருக்கேன்."

தனக்கே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. என் பக்கம் திரும்பினாள். மூன்றடி தூரம். "ஏட்டி, நீ சொல்லு. நீதான பேரு வச்ச? குப்பின்னா என்னன்னு சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பாகூட வாசலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தைக்குப் பின்னாலேயே என் இடுப்பு முடிச்சும் அவிழ்ந்துவிடும். நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"தெரியாது" என்றேன்.

சித்தி என்னை, என் கைகளை, கை இறுக்கிப் பிடித்திருந்த இடத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டினாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் சடையை லேசாக இழுத்துவிட்டுப் போனாள். முடியாத கையோடு ஸ்வெட்டர் அவள் பெட்டிக்குள் போனது. ஊசிகள் எங்கள் எறவாணத்தில் இருந்தன.

நான் திரும்ப ஆடுகளிடம் வந்து சேர்ந்தேன்.

பொங்கலன்று சாயங்காலம், மாட்டுப் பொங்கலுக்குப் புளி போட்டுப் பித்தளைக் குப்பிகளைத் தேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மா சட்டென்று நிறுத்தினாள். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, உங்க சித்தி தேடுனது இதையா?" என்றாள். "இல்ல" என்றேன். அந்த 'இல்ல'யில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அதுதான் அதிகம் உறுத்துகிறது. மறுநாள் மணியாச்சியில் அந்தப் பட்டாளக்காரர் வெறுங்கையோடு ரயிலேறினார். தைக் கடைசியில் மருந்தடிக்கிற பம்பின் மூக்கு அடைத்துக்கொண்டபோது பெரியப்பா எறவாணத்திலிருந்து ஒரு ஊசியை உருவி, அதைக் குத்திச் சரிசெய்தார். நன்றாக உதவியது. அதற்கே வைத்துக்கொண்டார்.

மாசியில் தபால்காரர் மணியடித்துக்கொண்டே வந்தார். கயிறு போட்டுக் கட்டிய ஏழு கடிதங்கள். பனியில் பாதை மூடிக் கிடந்ததாம். எல்லாம் சேர்ந்து வந்தன. பெரியப்பா அவற்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு தானே கயத்தாறுக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்து, நீச்சத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"நேருக்கு நேராவே பேசிட்டேன்."

"என்ன சொன்னா?" என்றாள் பெரியம்மா.

"'பிள்ளைய அடிச்சிராதிய அத்தான்'னா. எந்தப் பிள்ளையன்னு கேக்கதுக்குள்ள உள்ள போயிட்டா. என்னத்துக்குச் சொன்னான்னு எனக்கு வெளங்கல."

எனக்கு விளங்கியது. அதன் பிறகு அந்த முடிச்சை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. சித்திரையில் கரிசல் வெடிக்கும், பார்த்திருப்பீர்கள். கையை விட்டால் தோள்வரை போகும். பருத்திக்காட்டு நடுவில் அப்படி ஒரு வெடிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, சிவப்புக் குப்பி இரண்டையும் உள்ளே போட்டேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை. மழை வந்ததும் நிலம் மூடிக்கொண்டது. மூடிக்கொண்டால் எங்கள் மண் எதையும் திருப்பித் தராது.

சித்தி எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை. அடுத்த வருடம் சித்தப்பாவுக்கு வேறு இடம் கிடைத்து, கயத்தாறிலிருந்தே நேராகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வடக்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் போய்ச் சேர்ந்து வருடங்களாகிவிட்டன. அவர்களை ரொம்ப நாள் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். இப்போது என் வீட்டில் மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்ப வந்து பார்க்கிற வயதில், ஏணியில் ஏறுகிற பெரியம்மாவின் பாதங்கள்தான் ஞாபகம் வருகின்றன. ஒரு சாவு போதும் என்று இருந்தவள். காவல் காக்கத் தெரிந்திருந்தது. என்ன வேண்டும் என்று அருகில் உட்கார்ந்து கேட்கத் தெரியவில்லை. சித்திக்கு வேண்டியது எதுவென்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

போன ஐப்பசியில் சித்தப்பா தவறிப்போனார் என்று சித்தியின் அண்ணன் மகன் சொன்னான். சித்தி அங்கேயே தனியாக இருக்கிறாளாம். நம்பர் கொடுத்தான். இரண்டு மாதம் அதைப் போனில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்று மத்தியானம், வெயில் சுவரில் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கூப்பிட்டேன்.

மூன்று முறை மணியடித்த பிறகு எடுத்தாள். இந்தியில் யாரென்று கேட்டாள். குரல் மெலிந்திருந்தது. நான் ஊரைச் சொன்னேன். பெரியப்பா வீடு என்றேன். என் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கம் அதுவரை பல்லி தூரத்தில் சொல்லுகிற மாதிரி ஒரு சத்தம் இருந்தது, அது நின்றது.

சொல்வதற்கு நான் ஒரே ஒரு வரிதான் வைத்திருந்தேன். அதன் முதல் சொல் குப்பி. "சித்தி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"இரு ஏட்டி" என்றாள் சித்தி, இடையில் ஒரு நாள்கூடக் கழியாதது போல. "கையில கெடக்குது. ஊசிக்குக் குப்பி மாட்டிட்டு வாரேன், கண்ணி கழண்டுரும்."

போனை எங்கோ வைக்கிற சத்தம். கட்டில் முனகல். தமிழ் தெரிந்த ஒருவர்கூட இல்லாத அந்த ஊரில், நான் வைத்த பெயரை இத்தனை வருடம் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்?

நான் காத்திருந்தேன். பாவாடை நாடா இல்லாத இடுப்பை என் கை பிடித்துக்கொண்டிருந்தது.

திரும்ப வந்து போனை எடுத்தாள். மூச்சு கேட்டது.

"ம், இப்பம் சொல்லு" என்றாள்.